அளவுகோல் யார் கையில்? பேராக் ஆலைகளும் சுற்றுச்சூழல் அதிகாரிகளும்

1978-இல் மலேசியா ஏறக்குறைய 18 இலட்சம் டன் கச்சா செம்பனை எண்ணெய் எடுத்தது. 1984-இல் அது 37 இலட்சம் டன்னை எட்டியது. எண்ணெய் இரட்டித்தால் கழிவும் இரட்டித்திருக்க வேண்டும், நடந்ததோ நேர்மாறு. 1978-இல் ஆலைகள் ஆற்றில் விட்ட கழிவின் சுமை, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களின் சாக்கடைக் கழிவுக்குச் சமம் என்கிறது பொருளியலாளர் ஜெஃப்ரி வின்சென்ட் தொகுத்த கணக்கு. அன்றைய மலேசியாவின் மொத்த மக்கள்தொகையே அவ்வளவு இல்லை. ஆறு ஆண்டுகள் கழித்து அதே சுமை ஓர் இலட்சம் பேரின் கழிவுக்கும் கீழே இறங்கியிருந்தது.

உலகெங்கும் சுற்றுச்சூழல் பாடப்புத்தகங்களில் இந்தக் கதை வெற்றிக் கதையாக இடம்பெறுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குப் பக்கத்தில், அதே பத்தாண்டுகளில், அதே அரசாங்கத்தின் கண்காணிப்பு முறை இன்னோர் ஆலையிடம் தோற்றுப்போனதும் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சுற்றுச்சூழல் சட்டங்களை அமல்படுத்தும் அதிகாரியின் வேலை என்னவென்று விளங்கும். அவருடைய நேர்மையும் துணிச்சலும் முக்கியம்தான். ஆனால் சட்டம் அவர் கையில் என்ன கொடுத்தது, யார் அளந்த எண்ணை நம்பும்படி அவரிடம் சொன்னது என்பவை அதைவிட முக்கியமாக இருந்திருக்கின்றன.

அதே பேராக்கின் மஞ்சோங் மாவட்டத்தில் ஆயர் தாவார், சித்தியவான் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஆலைக் கழிவு என்பது முதலில் மூக்கில் ஏறிய விஷயம். ரப்பர் தோட்டங்களின் பால்காட்டுக் காலத்தில் தோட்டத்து லயன் வீடுகளுக்கு எட்டும் தூரத்திலேயே, பாலைப் பதப்படுத்தும் ஸ்டோர் இருக்கும். பால் உறையாமல் இருக்க அம்மோனியா, உறைய வைக்க ஆசிட். கழுவிய தண்ணீர் கால்வாயில் இறங்கி, எங்கோ ஓர் ஓடையில் கலக்கும். ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் அழுகும்போது எழும் நாற்றம் சட்டையில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை கூடவே வரும். இதைப் புகார் என்று யாரிடம் கொண்டுபோவது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கொண்டுபோயிருந்தால் தோட்டத்து எழுத்தரான கிராணி சிரித்திருப்பார்.

ரப்பர் விலை ஏறி இறங்கி அலைக்கழித்த அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறின. அதோடு கழிவின் தன்மையும் மாறியது. செம்பனைக் குலைகளை நீராவியில் வேகவைத்து, பழத்தை உதிர்த்து, பிழிந்து, எண்ணெயைத் தெளியவைக்கும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் செலவாகிறது. ஒரு டன் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை டன் கழிவுநீர் மிஞ்சும். பழுப்பு நிறத்தில், கொழகொழவென்று, 80 பாகை வெப்பத்தோடு வெளிவரும் அதில் நஞ்சு எதுவும் இல்லை என்று ஆலைக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் ஆற்றில் விழுந்ததும் அதைத் தின்னப் பெருகும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்துள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். இந்தப் பசியைத்தான் பிஓடி என்ற எண்ணால் அளக்கிறார்கள். வீட்டுச் சாக்கடையின் பிஓடி ஒரு லிட்டருக்கு இருநூறு, முந்நூறு மில்லிகிராம். செம்பனை ஆலையின் பச்சைக் கழிவுநீருக்கு அது 25,000. எழுபதுகளின் நடுவில் மலேசியாவின் 42 ஆறுகளில் நன்னீர் மீன் வாழ முடியாத நிலை வந்ததற்குச் செம்பனையும் ரப்பரும்தான் முக்கியக் காரணம்.

சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் நிறைவேறியது. அதை அமல்படுத்தும் பிரிவு 1975-இல் உருவாகி, 1983-இல் தனி இலாகாவானது. நாட்டின் முதன்மையான ஏற்றுமதித் தொழில்களில் ஒன்றை, பிறந்து சில ஆண்டுகளே ஆன ஒரு சின்ன அலுவலகம் மிரட்டிப் பணியவைக்க முடியாது. அதனால் 1977-இல் வந்த செம்பனை ஆலை விதிமுறைகள் மிரட்டலை நம்பவில்லை. படிக்கட்டு போட்டுக் கொடுத்தன. 1978 ஜூலை முதல் பிஓடி 5,000-க்குள் இருக்க வேண்டும், அடுத்த ஆண்டு 2,000, பிறகு 1,000, 500, 250, 1984-இல் 100. எந்த ஆண்டில் எந்த எண் என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரியும். ஆலைகளுக்கு ஆண்டுதோறும் உரிமம். உரிமக் கட்டணம் கழிவின் சுமையைப் பொறுத்தது: அனுமதித்த அளவுக்குள் ஆற்றில் விடும் ஒவ்வொரு டன் பிஓடிக்கும் 10 ரிங்கிட், மிஞ்சினால் டன்னுக்கு 100. முதல் ஆண்டில் மட்டும், வரம்பை மீறிய ஆலை பணத்தைக் கட்டிவிட்டு ஓடலாம். இரண்டாம் ஆண்டிலிருந்து அந்த வாசல் அடைபட்டது. எண்ணைத் தாண்டினால் சட்டமீறல்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விதி வந்தபோது 100 என்ற எண்ணை எப்படி எட்டுவது என்று எந்த ஆலைக்கும் தெரியாது. அந்தத் தொழில்நுட்பமே அப்போது இல்லை. படிக்கட்டு கொடுத்த ஆறு ஆண்டுகளில் ஆலைகளும் ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து குட்டை முறையைத் தேற்றிக்கொண்டன: ஆற வைக்கும் குட்டை, காற்றில்லாமல் புளிக்க வைக்கும் குட்டைகள், காற்றூட்டும் குட்டை என்று வரிசையாக, கழிவு மாதக்கணக்கில் தேங்கி நகர்ந்து கடைசியில் தெளியும் ஏற்பாடு. செலவு? அது ஆலைக்காரர் தலையில் முழுதாக விழவில்லை. உலகச் சந்தையில் எண்ணெய் விலையை அவர் ஏற்ற முடியாது. ஆகவே குலை வாங்கும் விலையில் குறைத்துக்கொண்டார். அப்துல் ரஹிம் காலிட், ஜான் பிரேடன் இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சுமை பெரும்பாலும் பழம் பயிரிடுபவர் பக்கமே சாய்ந்தது என்று காட்டியது. அவர்களில் ஆயர் தாவார் பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்களும் அடக்கம். ஆறு தெளிந்ததற்கு அவர்களும் ஒரு பங்கு கட்டியிருக்கிறார்கள். வெற்றிக் கதையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

குட்டைக்கரையில் அதிகாரியின் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சட்டத்தின் 38-ஆம் பிரிவு அவருக்கு ஆலைக்குள் நுழையும் அதிகாரம் தருகிறது. முன்கூட்டியே தகவல் சொல்லத் தேவையில்லை. வாசலில் பாதுகாவலர் பேரெழுதி, அட்டை வாங்கி, தலைக்கவசம் தேடி, மேலாளருக்குத் தொலைபேசி அடித்து முடிக்கும் நேரம் இருக்கிறதே, அந்தக் கால் மணி நேரத்தில் பல ஆலைகளில் காற்றூட்டும் மோட்டார் ஓடத் தொடங்கிவிடும் என்பது இந்தத் தொழிலில் பழைய வேடிக்கை. அனுபவசாலிகள் அலுவலகத்தில் தேநீர் குடிக்க உட்காருவதில்லை. நேரே கடைசிக் குட்டைக்கு நடப்பார்கள்.

கழிவு வெளியேறும் இடம் என்று உரிமத்தில் எழுதியிருக்கும் புள்ளி ஒன்றுதான். மாதிரி அங்கேதான் எடுக்க வேண்டும். பத்தடி தள்ளி எடுத்தால் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் அதைப் பிடித்துக்கொள்வார். வெப்பமும் அமில காரத் தன்மையும் அங்கேயே அளக்கப்படும், ஏனென்றால் போகும் வழியில் அவை மாறிவிடும். பிஓடிக்கான போத்தலை அதே தண்ணீரால் அலசி, காற்றுக்குமிழ் தங்காமல் வாய்வரை நிரப்ப வேண்டும். எண்ணெயும் கொழுப்பும் பார்க்கும் மாதிரிக்குக் கண்ணாடிப் போத்தல், அதை அலசவே கூடாது; அலசினால் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு, பிறகு ஊற்றும் தண்ணீரின் எண்ணெயோடு சேர்ந்து கணக்கை ஏற்றிவிடும். புதிதாய் வந்தவர் இரண்டையும் ஒரே மாதிரி அலசிவிட்டால் அன்றைய உழைப்பு வீண். பிறகு லேபல், முத்திரை, நேரம், ஆலைப் பிரதிநிதியின் கையொப்பம், பனிக்கட்டிப் பெட்டி. ஜபாத்தான் கிமியா என்ற அரசு இரசாயனத் துறையின் ஆய்வுக்கூடத்துக்கு அது சூடேறாமல், தாமதமாகாமல் போய்ச் சேர வேண்டும். அங்கே 30 பாகையில் மூன்று நாள் வைத்துத்தான் செம்பனைக் கழிவின் பிஓடி பார்க்கப்படுகிறது. போத்தல் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கையொப்பம். ஒன்று விட்டுப்போனாலும், எண் எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும், வழக்கு ஆடிப்போகும்.

மாதிரி என்பது அந்த ஒரு நிமிடத்தின் உண்மை மட்டுமே. நேற்றிரவு மழையோடு மழையாகத் திறந்துவிட்டது அதில் தெரியாது. அதனால் தேர்ந்த அதிகாரி தண்ணீரைப் பார்க்கும் நேரத்தைவிடக் காகிதம் பார்க்கும் நேரம் அதிகம். அந்த மாதம் எத்தனை டன் குலை பிழிந்தார்கள்? அதற்கு எவ்வளவு கழிவு வந்திருக்க வேண்டும், ஓட்டமானியில் எவ்வளவு காட்டுகிறது? காற்றூட்டும் மோட்டார்கள் இரவு பகலாக ஓடின என்று பதிவேடு சொன்னால் மின்கட்டண ரசீது என்ன சொல்கிறது? குட்டையில் சேறு தூர்வாரியதாக எழுதியிருக்கிறது, அந்தச் சேறு எங்கே போனது? கடைசிக் குட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் சுருண்டு கிடக்கிறதே, அது எதற்கு? நல்ல தண்ணீரைக் கலந்து எண்ணைக் குறைப்பது மிகப் பழைய தந்திரம்.

புகைக்கு வேறு கருவி. ஆலைக் கொதிகலனில் நாரும் ஓடும் எரியும்போது கரும்புகை வந்தால், ரிங்கல்மன் அட்டை என்ற சாம்பல் நிறக் கட்டங்களோடு ஒப்பிட்டு எத்தனையாவது எண் கருமை என்று குறிப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கருவி, இன்னும் உயிரோடு இருக்கிறது. நாற்றத்துக்கு இப்படி எளிய வழி இல்லை. மனித மூக்குகளைக் குழுவாக உட்கார வைத்து, காற்றை நீர்த்துப்போகச் செய்துகொண்டே முகரவைத்து அளக்க வேண்டியிருக்கிறது. மக்கள் அதிகம் புகார் செய்யும் விஷயமே அளப்பதற்குக் கடினமான விஷயமாக அமைந்துவிட்டது இந்தத் தொழிலின் விதி.

ஆலைகள் பெருகப் பெருக, ஓர் இலாகாவால் எல்லாக் குட்டைகளையும் காவல் காக்க முடியாது என்பது தெளிவானது. மலேசியா தேர்ந்தெடுத்த வழி, வேலியின் உள்பக்கத்திலேயே ஒருவரைப் பொறுப்பாக்குவது. சட்டத்தின் 49A பிரிவு, கழிவுச் சுத்திகரிப்பை நடத்தத் தகுதிச் சான்று பெற்ற ஆளை ஆலை வைத்திருக்க வேண்டும் என்கிறது. பாங்கியில் இயங்கும் எய்மாஸ் என்ற பயிற்சிக்கழகம் பாடம் நடத்தி, தேர்வு வைத்து, களத்தில் எழுதிய அறிக்கையைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறது. செம்பனைக் குட்டைக்கு ஒரு சான்று, ஆபத்துக் கழிவுக்கு ஒன்று, புகை வடிகட்டிக்கு ஒன்று. ஆபத்துக் கழிவை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. நகர்த்தும் ஒவ்வொரு முறையும் இணையவழிப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

வழிகாட்டலுடன் கூடிய சுயக் கட்டுப்பாடு என்று இதற்குப் பேர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பொறுப்பாளருக்குச் சம்பளம் போடுவது ஆலை. எண் மோசமாக வந்த மாதம் அவர் அதை அனுப்ப வேண்டியது இலாகாவுக்கு; மறுநாள் காலையில் முகம் பார்க்க வேண்டியது மேலாளரை. காற்றூட்டியைப் பழுதுபார்க்கப் பணம் கேட்டால் அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்ற பதில் வரும். கையெழுத்து மட்டும் அவருடையது.

இந்த முடிச்சு எவ்வளவு இறுக்கமானது என்று குஜராத்தில் அளந்தே பார்த்தார்கள். எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கலஸ் ரயன் என்ற நான்கு பொருளியலாளர்கள், அந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து 2009 முதல் அகமதாபாத், சூரத் வட்டாரங்களின் 473 ஆலைகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். அங்கே ஆலைகளே தனியார் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுத்துத் தங்களை அளக்கச் சொல்வது வழக்கம். தணிக்கையாளர் அறிக்கைப்படி, காற்றுத்தூசி வரம்பை மீறிய ஆலைகள் 7 விழுக்காடு. ஆய்வாளர்கள் தனியாகப் போய் அளந்தபோது அது 59 விழுக்காடு. அறிக்கைகளில் எண்கள் வரம்புக்குக் கொஞ்சம் கீழே கூட்டமாகக் குவிந்திருந்தன. பாதி ஆலைகளுக்கு மட்டும் முறையை மாற்றினார்கள்: தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் அனுப்பினார்கள், பொது நிதியிலிருந்து பணம் கொடுத்தார்கள், சில அளவைகளை மறுபடி சரிபார்த்தார்கள். பொய் அறிக்கை 80 விழுக்காடு குறைந்தது. ஆலைகள் விட்ட மாசும் குறைந்தது.

அதே குழு இன்னொரு சோதனையில் அரசு அதிகாரிகளின் வருகையை இரட்டித்துப் பார்த்தது. அது பலர் எதிர்பார்த்த முடிவைத் தரவில்லை. வருகை கூடியது, நோட்டீஸ் கூடியது, மாசு மட்டும் பெரிதாகக் குறையவில்லை. காரணம், அதிகாரிகள் ஏற்கெனவே தங்கள் அனுபவத்தால் மிக மோசமான ஆலைகளைத் தேடித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கூடுதலாகப் போன வருகைகள் சின்னச் சின்ன மீறல்களைப் பிடித்தன. அவற்றுக்கு யாரும் பெரிய தண்டனை கொடுப்பதில்லை. கூடுதல் ஆள் போடுங்கள் என்பதே எல்லாவற்றுக்கும் மருந்து என்று பேசுகிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கதை வேறு தடத்தில் போனது. வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட்டது. வாரியம் செய்ய வேண்டியதை நீதிமன்றம் செய்தது என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. நீதிமன்றம் வரை வரவேண்டியிருந்தது என்பதே வாரியத்தின் தோல்வி என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

பேராக் மக்களும் நீதிமன்றம் வரை போனார்கள்.

ஈப்போவை அடுத்த லாஹாட்டில், புக்கிட் மேரா புதுக்கிராமத்தின் ஓரத்தில், ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற அமாங் மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுப்பதே அந்த ஆலையின் தொழில். பிரித்தபின் மிஞ்சுவது தோரியம் கலந்த கழிவு. தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. குட்டையில் விட்டுத் தெளியவைக்க முடியாத சரக்கு இது. மிட்சுபிஷி கெமிக்கலும் உள்ளூர்ப் பங்குதாரர்களும் சேர்ந்து நடத்திய ஆலை. பங்குதாரர்களில் ஹஜ் யாத்திரை வாரியமும் ஒன்று. அரசாங்கத்தின் கை உள்ளே இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

கழிவைப் புதைக்கப் பாப்பான் என்ற சிற்றூரில் அகழி தோண்டிய செய்தி வெளியானதும் 1984-இல் மக்கள் எழுந்தார்கள். அனைத்துலக அணுசக்தி முகமையின் நிபுணர்களே வந்து பார்த்து, அகழி தரத்துக்கு ஒத்துவரவில்லை என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகப் பேராசிரியர் சாடாவ் இச்சிகாவா, மக்கள் அழைப்பில் வந்து ஆலையைச் சுற்றிக் கதிர்வீச்சை அளந்து, ஆபத்தான அளவு என்று அறிவித்தார். அதாவது, மக்களுக்கு முதன்முதலில் ஓர் எண் கிடைத்தது அரசு அதிகாரியிடமிருந்து அல்ல. ஜப்பானிலிருந்து விமானத்தில் வந்தவரிடமிருந்து.

1985 பிப்ரவரியில் எட்டு கிராமவாசிகள் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அதே மாதத்தில்தான் அணுசக்தி உரிம வாரியமும் பிறந்தது. அக்டோபரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1987-இல் புதிய வாரியம் உரிமம் கொடுக்க, ஆலை மீண்டும் ஓடியது. ஏப்ரலில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற பெயரில் அரசாங்கம் நடத்திய கைதுகளில் பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழுத் தலைவர் ஹியூ யூன் தாட்டும், மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வழக்கறிஞர் உள்ளே!

1992 ஜூலை 11 அன்று நீதிபதி பே சுவீ சின் ஆலையை 14 நாளில் மூடச் சொன்னார். கிராமம் கொண்டாடியது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. நிறுவனத்தின் நிபுணர்கள் எடுத்த அளவுகளே நம்பத்தக்கவை; குறை இருந்தால் மக்கள் உரிமம் கொடுத்த வாரியத்திடம் போய் உரிமத்தை ரத்து செய்யக் கேட்டிருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். பத்து ஆண்டுகள் போராடிய கிராமத்தை, ஆலைக்கு உரிமம் கொடுத்த அதே அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பியது அந்தத் தீர்ப்பு. வழக்கில் வென்ற நிறுவனம் அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், ஆலையை மூடுவதாக அறிவித்தது. அதன்பின் கிளேடாங் மலைப்பகுதியில் கழிவைப் புதைத்துச் சுத்தம் செய்ய ஆன செலவு 10 கோடி அமெரிக்க டாலர் என்று நியூயார்க் டைம்ஸ் நாளேடு 2011-இல் எழுதியது. 11,000 பேர் வாழ்ந்த சுற்றுவட்டாரத்தில் ஐந்து ஆண்டுகளில் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததென மக்கள் சொன்னதையும் அது குறிப்பிட்டது. நிறுவனம் நோய்க்குத் தன் ஆலை காரணம் என ஒப்பவில்லை.

செம்பனை ஆலைக்கும் புக்கிட் மேராவுக்கும் நடுவில் என்ன வேறுபாடு? செம்பனையில் எண் சட்டத்திலேயே இருந்தது, யாரும் படிக்கலாம். மாதிரி எடுத்தவர் அரசு ஆள், ஆய்ந்தது அரசு ஆய்வுக்கூடம். ஆலைகள் நூற்றுக்கும் மேல் இருந்ததால் ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றார், ஒருவருக்காக விதியை வளைக்கவும் முடியவில்லை. புக்கிட் மேராவில் ஆலை ஒன்றே ஒன்று. அது வந்தபோது சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயம் இல்லை. அந்த விதி அமலானது 1988 ஏப்ரலில்தான். கண்காணிக்க வேண்டிய வாரியம் ஆலைக்குப் பிறகு பிறந்தது. அளவுகளோ, எந்த நிபுணரை யார் கூட்டிவந்தார் என்பதைப் பொறுத்து மாறின. அதிகாரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அங்கே என்ன செய்திருக்க முடியும் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

செம்பனைக் கதையையும் முழு வெற்றி என்று தூக்கி வைக்க வேண்டாம். விதி தண்ணீரைப் பார்த்தது, காற்றைப் பார்க்கவில்லை. மூடியில்லாத குட்டைகளிலிருந்து குமிழ்குமிழாக எழும் மீத்தேன் பல ஆண்டுகள் யாருடைய பதிவேட்டிலும் ஏறவில்லை. புதிய ஆலைகள் அந்த வாயுவைப் பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனை 2014-இல்தான் வந்தது. தூர்வாராமல் விட்ட குட்டை பாதி ஆழத்துக்குச் சேறாகிவிடும். கழிவு தேங்கும் காலம் காகிதத்தில் மாதக்கணக்கு, நிஜத்தில் வாரக்கணக்கு.

மஞ்சோங்கிலேயே இன்றைய அதிகாரியின் பாடு எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்க்கலாம். கடலோரத்தில் சுல்தான் அஸ்லான் ஷா நிலக்கரி மின்நிலையம், 2003 முதல் வளர்ந்து ஏறக்குறைய 4,100 மெகாவாட். அதன் புகைபோக்கியின் அளவைகளை இடைவிடாது பதியும் கருவிகள் உண்டு. தெலுக் ரூபியாவில் 2014 முதல் இரும்புத்தாது முனையம். உள்ளே வந்தால் செம்பனை ஆலைகள். இன்னும் உள்ளே வந்தால் சித்தியவான், ஆயர் தாவார் பக்கத்துக் கோழிப் பண்ணைகள், பன்றிப் பண்ணைகள். மின்நிலையத்தைக் கண்காணிப்பது கூட்டரசு இலாகா. நிலமும் ஆறும் ஊராட்சியும் அரசியலமைப்புப்படி மாநிலத்தின் கையில். பண்ணைக்குக் கால்நடைத்துறை, உரிமத்துக்கு நகராண்மை. ஈ மொய்க்கிறது, ஓடை கறுக்கிறது என்று புகார் கொடுப்பவர் முதலில் கற்றுக்கொள்வது, எந்த மேசை தன்னுடையது அல்ல என்பதை எல்லா மேசைகளும் எவ்வளவு வேகமாகச் சொல்லும் என்பதைத்தான்.

அந்த இடைவெளியில்தான் ஜொகூரின் கிம் கிம் ஆற்றுச் சம்பவம் நடந்தது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் யாரோ இரவில் லோரியில் கொண்டுவந்து இரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஏறக்குறைய 6,000 பேர் சிகிச்சை நாடினர். 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் பகுதி, சட்டம் இருந்தது, இணையப் பதிவேடு இருந்தது. பதிவேட்டில் ஏறாமல் போகும் கழிவைப் பதிவேடு எப்படிப் பிடிக்கும்?

கிம் கிம்முக்குப் பிறகு எழுந்த கோபத்தின் ஒரு விளைவு, 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம். 1974-இல் நீர்நிலையைக் கெடுத்தால் அதிகபட்ச அபராதம் 10,000 ரிங்கிட். 1996-இல் ஒரு இலட்சம். இப்போது 10 மில்லியன் வரை. இதை வரவேற்காதவர் இல்லை. அதே திருத்தத்தில் அதிகம் பேசப்படாத இன்னொன்று, சமரசத் தொகை. நீதிமன்றம் போகாமல் அலுவலகத்திலேயே கட்டி முடிக்கும் கம்பவுண்ட், முன்பு 2,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாது. ஆலைக்காரருக்கு அது தேநீர்ச் செலவு. இனி அதிகபட்ச அபராதத்தில் பாதி வரை போகலாம். அதிகாரிக்கு இது நிச்சயம் பலம்: ஆண்டுக்கணக்கில் சாட்சிக்கூண்டில் போத்தலின் முத்திரையைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்காமல், வலிக்கும்படியான தொகையை உடனே வாங்கலாம்.

ஆனால் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு செய்தித்தாளில் வரும். ஆலையின் பேர், பிஓடி எவ்வளவு, எந்த ஓடை என்று ஊர் தெரிந்துகொள்ளும். அலுவலகத்தில் கட்டிய தொகைக்கு ரசீது மட்டும்தான். இந்தியாவில் ஆபத்துக் கழிவு கையாளும் ஆலைகள், தாங்கள் விடும் கழிவின் அளவைகளை வாசல் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் உத்தரவிட்டது. பல இடங்களில் அந்தப் பலகையின் சாயம் வெளுத்து, எண்கள் பழசாகிக் கிடக்கின்றன என்பது வேறு விஷயம். வழிப்போக்கர் படிக்கலாம் என்ற உரிமையாவது எழுத்தில் இருக்கிறது. அப்படி ஓர் உரிமை பேராக்கிலும் தேவை. ஹுலு பேராக் கெனெரிங்கில் அரிய மண் சோதனைச் சுரங்கம் நடத்தப்பட்டிருக்கிறது. மலைச்சரிவில் அம்மோனியம் சல்பேட் கரைசலைச் செலுத்தித் தனிமங்களை வடித்தெடுக்கும் முறை. கீழே பேராக் ஆறு, அதைக் குடிக்கும் ஊர்கள். அங்கே மாதந்தோறும் எடுக்கும் மாதிரியின் எண்களும், மஞ்சோங்கில் ஒரு செம்பனை ஆலை கட்டும் கம்பவுண்ட் தொகையும் ஆலையின் பேரோடு இணையத்தில் ஏற வேண்டும்.

அதற்குப் புதிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, புதிய அதிகாரியும் தேவையில்லை. எண்கள் ஏற்கெனவே இலாகாவின் கோப்பில் இருக்கின்றன.